வீட்டுப் பேழை: வெள்ளிப் பொடிச் சிமிழ்

பழம்பொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன செப்புத் திருமேனிகளும் ஓலைச் சுவடிகளும் கல்வெட்டுக்களுமே. அவை போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும், உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அலமாரியின் மூலையிலோ, பாட்டியின் டிரங்குப் பெட்டியின் அடியிலோ, பட்டுப் புடைவைகளின் மடிப்பிலோ அவை கிடக்கும். ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம் போன்றோர் இல்லங்களில், ஒவ்வொரு மாற்றலின்போதும் மூட்டை கட்டி அவிழ்க்கும் சமயத்தில்தான் அவை வெளிச்சம் காணும். அப்படிப்பட்ட பொருள்களுள் ஒன்றான வெள்ளிப் பொடிச் சிமிழைப் பற்றி இத்திங்கள் சில செய்திகளை அன்பர்களுக்கு வழங்க விழைகின்றோம்.

‘மூக்குப்பொடியா!’ என்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு முதற்கண் ஒரு சொல். பொடி போடும் பழக்கத்தை நாம் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. புகையிலையை வாயாற் கொண்டாலும் மூக்காற் கொண்டாலும் அதிலுள்ள நிகோட்டின் ஆளை அடிமைப்படுத்தும். உடலுக்குக் கேடும் விளைக்கும். பொடி போகட்டும், சிமிழ் இருக்கட்டும் என்பதே நம் கருத்து. பொடியை விட்டொழித்த வீட்டிலும் சிமிழ் ஓர் அழகிய பொருளாக நிற்கும். தன்னை வைத்திருந்தவரைப் பற்றிப் பேசவும் செய்யும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று. 1560-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராய் இருந்த ழான் நிக்கோ என்பார் அதனைத் தம் அரச குடும்பத்துக் கத்தரீன் தெ மெடிசி அம்மையாருக்கு அனுப்பி வைத்தார். நிகோட்டின் என்ற பெயரே அவர் பெயரினின்றும் பிறந்ததுதான். நம் நாட்டிலோ, அக்பர் பேரரசரின் இறுதி ஆண்டுகளில் அசாத் பேக் என்ற அரசவையாளர் பீஜப்பூரிலிருந்து புகையிலையைக் கொணர்ந்து அவர் முன் வைத்தார் என்பது வரலாறு. தக்காணத்துக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக முன்னரே வந்து சேர்ந்திருந்தது.

இங்கிலாந்தில் பொடி பரவியதற்கு ஒரு போர்க் கதையைக் கூறுவர். 1702-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு விகோ விரிகுடாவில், ஸர் ஜார்ஜ் ரூக் தலைமையில் சென்ற கடற்படை எதிரியின் கப்பல்களைத் தாக்கியது. அங்கே கைப்பற்றிய பொருள்களுள் மூக்குப்பொடி ஏராளமாய் இருந்தது. மாலுமிகள் அதனைத் துறைமுகப் பட்டினங்களில் மலிவாக விற்றனர். பழக்கம் ஊரெங்கும் தொற்றிக்கொண்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் பொடியின் பொற்காலம் எனலாம். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரசியான ஷார்லட்டையே ‘பொடிக்கார ஷார்லட்’ என்று மக்கள் கேலியாக அழைத்தனர். 1720-இல் லண்டனில் தொடங்கிய பிரைபர்க் அண்டு டிரையர் என்ற பொடிக் கடை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது.

தொடக்கத்தில் பொடி போடுபவர் கடையிற் பொடியாக வாங்கவில்லை. இறுகச் சுருட்டிக் கட்டிய புகையிலைத் தண்டை வாங்கி, சிறு துருவியினால் வேண்டியபோது வேண்டிய அளவு துருவிக்கொண்டனர். ‘ராப்பி’ என்ற பொடி வகையின் பெயர், துருவுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. பின்னர் அரைத்த பொடியே கடைகளில் கிடைக்கலாயிற்று. அப்பொழுதுதான் சிமிழுக்கு முதன்மை ஏற்பட்டது. ஏனெனில் காற்றுப் பட்டால் பொடி உலர்ந்து மணம் இழக்கும். ஈரம் பட்டாலோ கட்டி தட்டிப் போகும். ஆதலின் மூடி சற்றும் இடைவெளியின்றி அமைய வேண்டும்.

இந்த ஒரு தேவையிலிருந்தே நல்ல சிமிழின் இலக்கணம் முழுவதும் பிறந்தது. கீல் வெளியே துருத்திக்கொண்டு நில்லாமல், சிமிழின் சுவரோடு சுவராய் இழைந்திருக்கும். சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் அதுவே வசதி. மூடியின் முன்புறத்தில் கட்டைவிரலால் நெம்பித் திறக்கச் சிறு விளிம்பு ஒன்று இருக்கும். பொடியினால் வெள்ளி கறுத்துப்போகும் என்பதால் உட்புறம் பொன் முலாம் பூசப்பட்டிருக்கும். திறக்குமுன் மூடியை விரலால் இரண்டு மூன்று முறை தட்டுவதும் வெறும் பகட்டன்று. மூடியில் ஒட்டிய பொடி கீழே உதிர்வதற்காகச் செய்வது அது. நம் ஊர்ப் பெரியவர்கள் டப்பியைத் தட்டித் திறந்ததை நினைவுகூரும் அன்பர்களுக்கு இதன் பொருள் இப்போது விளங்கும்.

அரசர்களும் செல்வர்களும் இச்சிமிழ்களைத் திரட்டுவதில் பித்துக் கொண்டிருந்தனர். பிரஷ்ய நாட்டு மன்னர் மகா பிரெடரிக் மணிக்கற்கள் இழைத்த சிமிழ்களைச் செய்வித்துச் சேர்த்தார். 1759-இல் குனர்ஸ்டார்ப் போர்க்களத்தில் அவர்மேற் பாய்ந்த குண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்த சிமிழ் தடுத்து உயிர் காத்ததாகக் கூறுவர். அவருடைய சிமிழ்களுட் சில இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலையில் கில்பர்ட் தொகுப்பில் உள்ளன. பீட்டர்ஷாம் பிரபு என்பவர் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிமிழ் வைத்திருந்ததாகப் பேசிக்கொண்டனர். இளநீல நிறச் சிமிழ் ஒன்றைக் கண்டு ஒருவர் வியந்தபோது, ‘கோடைக்கு இது தகும், குளிர்காலத்துக்கு ஒவ்வாது’ என்ற கருத்துப்பட அவர் மறுமொழி பகர்ந்தாராம். நெப்போலியன் தமக்குப் போப்பாண்டவர் அளித்திருந்த பொற்சிமிழை, சிறையில் இருந்த தமக்கு அன்பு காட்டிய ஹாலண்டு சீமாட்டிக்கு உயில் மூலம் விட்டுச் சென்றார். அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றது.

பொன்னும் மணியும் இழைத்த சிமிழ்கள் நம் கைக்கு எட்டாதவை. சேகரிப்போர் பெரும்பாலும் நாடுவது வெள்ளிச் சிமிழ்களையே. வெள்ளிச் சிமிழ் என்றால் பர்மிங்காம் நகரமே முதலில் நினைவுக்கு வரும். அந்நகரில் மாத்யூ போல்ட்டன் என்னும் தொழிலதிபர் வெள்ளிப் பொருள்கள் செய்து வந்தார். ஆனால் வெள்ளியின் மாற்றுப் பார்த்து முத்திரையிடும் நிலையம் அங்கே இல்லை. பண்டங்களைத் தொலைவிலுள்ள செஸ்டர் நகருக்கு அனுப்பியாக வேண்டும். வழியிற் பண்டம் கீறலுறும், காலமும் வீணாகும். அவர் பெரிதும் முயன்றதன் பயனாக 1773-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, பர்மிங்காமுக்கும் ஷெபீல்டுக்கும் மாற்றுப் பார்க்கும் நிலையங்களை வழங்கியது. கடலோரம் இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் முத்திரையாக அமைந்தது விந்தையே. லண்டனில் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற பெயருடைய விடுதியில் கூடிப் பேசியதால், ஷெபீல்டு கிரீடத்தையும் பர்மிங்காம் நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டன என்று கதை வழங்குகிறது.

சாமுவேல் பெம்பர்ட்டன், மாத்யூ லின்வுட், ஜோசப் வில்மோர் முதலிய பர்மிங்காம் கைவினைஞர்களின் சிமிழ்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவர். எல்லாரினும் புகழ் பெற்றவர் நதேனியல் மில்ஸ். 1840-இல் அவர் மறைந்த பின்னும் அவர் குடும்பத்தார் தொழிலைத் தொடர்ந்தனர். மூடியின்மேல் வின்ட்ஸர் கோட்டை, வார்விக் கோட்டை, கெனில்வொர்த்துக் கோட்டையின் இடிபாடு, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் ஆபட்ஸ்போர்டு மாளிகை ஆகியவற்றைப் புடைப்பு வேலையாகப் பொறித்த சிமிழ்கள் அவர் பட்டறையின் தனிச்சிறப்பு. இருப்புப்பாதை பரவிய காலம் அது. ஊர் காணச் சென்றவர்கள் கண்ட இடத்தின் நினைவாக இவற்றை வாங்கி வந்தனர். இராமேசுவரம் சென்றவர் சங்கு வாங்கி வருவது போன்றதே இதுவும். கோட்டை வேலை இல்லாத சிமிழ்களிலும், இயந்திரச் சக்கரத்தால் வரிவரியாகக் கீறிய நுண்ணிய கோலங்கள் கண்ணைக் கவரும்.

ஸ்காட்லாந்தில் வழக்கம் வேறு. அங்கே ஆட்டுக்கடாவின் கொம்பை வளைத்து, வெள்ளிப் பூணும் மூடியும் இட்டுப் பொடி வைத்தனர். சீனத்திலோ சிமிழுக்கு மாறாகக் கண்ணாடியாலும் பச்சைக் கல்லாலும் ஆன சிறு குப்பிகளை ஆண்டனர்; மூடியோடு இணைந்த நுண்ணிய கரண்டியால் பொடியை எடுத்தனர். நம் தமிழகத்தில் பெரும்பாலோர்க்குப் பட்டணம் பொடியும் வாழை மட்டையுமே போதுமானவையாய் இருந்தன. சற்று வசதியுள்ளவர் தகர டப்பி வைத்திருந்தனர். செல்வர் வீட்டில் மட்டுமே வெள்ளி டப்பி இருந்தது.

இனி, கையிற் கிடைத்த சிமிழை அறிவது எப்படி என்பதைப் பார்ப்போம். இதற்கு வேண்டுவன ஒரு பூதக் கண்ணாடி, நல்ல பகல் வெளிச்சம், பொறுமை ஆகிய மூன்றே. சிமிழைத் திறந்து அடிப்பாகத்தின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் நோக்குக. இங்கிலாந்தில் செய்ததாயின் வரிசையாகச் சிறு முத்திரைகள் காணப்படும். நடக்கும் சிங்கம் இருப்பின் அது ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி. நங்கூரம் பர்மிங்காமையும், சிறுத்தைத் தலை லண்டனையும், மும்முனைக் கோட்டை எடின்பரோவையும் குறிக்கும். ஒற்றை எழுத்து ஒன்று ஆண்டைக் குறிக்கும். எழுத்தின் வடிவமும் அதனைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறும் ஆதலின், அதற்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டே ஆண்டைத் துணிய வேண்டும். மன்னர் அல்லது அரசியின் தலை பொறித்திருந்தால் வரி செலுத்தியதற்கு அறிகுறி. அம்முத்திரை 1784 முதல் 1890 வரையில்தான் வழங்கியது. எஞ்சியவை செய்தவரின் பெயர் முதலெழுத்துக்கள்.

எல்லாச் சிறு பெட்டியும் பொடிச் சிமிழ் ஆகிவிடாது. உள்ளே துளைகளிட்ட இரண்டாம் மூடி ஒன்று இருப்பின், அது நறுமணச் சிமிழ். கடற்பஞ்சில் நனைத்த மணமுள்ள காடியை அதனுள் வைத்துச் சீமாட்டிகள் முகர்ந்தனர். விளிம்பில் அரம் போன்ற வரிகள் இருப்பின் அது தீக்குச்சிப் பெட்டி. அவ்வரிகள் குச்சி உரசுவதற்கு உரியவை. உட்புறம் துருவி அமைந்திருந்தால் சாதிக்காய் துருவும் பெட்டி. கீல் இன்றி மூடி முழுவதும் கழன்று வருமாயின், பெரும்பாலும் அது பதினேழாம் நூற்றாண்டு முடிவினைச் சார்ந்த புகையிலைப் பெட்டி வகை. நறுமணச் சிமிழின் உள்மூடியைக் கழற்றிவிட்டுப் பொடிச் சிமிழ் என்று விற்போரும் உளர்.

வெள்ளி போற் காணப்படுவதெல்லாம் வெள்ளியும் அன்று. ஷெபீல்டில் தாமஸ் போல்சோவர் என்பவர் 1740-களில் செப்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டினால் ஒட்டவைக்கும் முறையைக் கண்டறிந்தார். அம்முறையிற் செய்த சிமிழ்களின் விளிம்பு தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து தோன்றும். 1840-இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சார முறையில் முலாம் பூசுவதற்கு உரிமை பெற்றனர். அதன்பின் முலாம் பண்டங்கள் மலிந்தன. அவற்றிலும் நான்கைந்து முத்திரைகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். மயங்கற்க, நடக்கும் சிங்கம் அங்கே இராது.

ஏமாற்று வகைகள் இன்னும் சில. பழைய உடைந்த பண்டத்திலிருந்து முத்திரையுள்ள துண்டை வெட்டி, புதிய சிமிழில் பற்றவைப்பது ஒன்று. வெள்ளியின்மேல் வாயால் ஆவி ஊதிப் பார்த்தால், பற்றவைத்த கோடு நொடிப்பொழுது தெளிவாகத் தோன்றி மறையும். முத்திரையையும் சேர்த்து அச்சில் வார்ப்பது மற்றொன்று. அப்படி வார்த்த முத்திரைகளின் விளிம்பு கூர்மையின்றி மழுங்கியும் நுண்குழிகள் உடையதாயும் இருக்கும். பழைய பெயர்ப் பொறிப்பைத் தேய்த்து அழித்தல் மூன்றாவது. அவ்விடத்தில் விரலால் மெல்ல அழுத்தினால் தகடு மெலிந்து இசைந்து கொடுக்கும். தட்டார் பற்றவைப்பதையும் பொடி வைத்து ஊதுவது என்றே நம்மவர் வழங்குவர். இச்சிமிழ் வணிகத்திலும் பொடி வைத்துப் பேசுவோர் மிகுதி.

நம் நாட்டில் செய்த சிமிழ்களுக்கு இந்த முத்திரை இலக்கணம் பொருந்தாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் கட்டாய முத்திரைச் சட்டம் ஏதும் இல்லை. கல்கத்தாவில் ஹாமில்டன் அண்டு கம்பெனி, சென்னையில் ஜார்ஜ் கார்டன் அண்டு கம்பெனி, பி. ஆர் அண்டு ஸன்ஸ் முதலிய நிறுவனங்கள் தத்தம் பெயரெழுத்துக்களையும் யானை முதலிய உருவங்களையும் தாமே பொறித்துக்கொண்டன. சென்னைப் பட்டறைகளில் தெய்வ உருவங்களைப் புடைப்பு வேலையாக அமைத்த ‘சுவாமி வெள்ளி’ ஐரோப்பியரிடையே பெரும் பெயர் பெற்றது. கச்சு நாட்டுப் பூஜ் நகரின் கொடிக்கோலம், கட்டாக்கின் வெள்ளிக் கம்பி வேலை ஆகியனவும் அவ்வாறே. இந்நாட்டுத் தட்டார்கள் செய்தவற்றில் செய்தவர் பெயரே காணாமற் போயிருக்கும். வெள்ளிக்கு இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரைத் திட்டம் வந்ததே 2005-இல் தான். ஆதலின் முத்திரை இல்லை என்பதனால் பண்டம் இழிந்தது என்று முடிவு கட்டலாகாது.

இவ்விடத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டும். நம் சங்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், அலுவலிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சிமிழைக் கைக்குட்டையில் முடிந்து நம்மிடம் கொணர்ந்தார். பேத்திக்குக் கொலுசு வாங்க வேண்டும். ‘பழைய வெள்ளியைப் போட்டுவிடலாமே, மாமா’ என்று மருமகள் கூறியிருக்கிறார். கடைக்காரர் தராசில் இட்டு 82 கிராம் என்றாராம். உள்ளே மஞ்சளாய் இருக்கிறது, பற்று வேறு இருக்கிறது என்று கழிவும் சொன்னாராம். மூடியிலுள்ள எழுத்தைத் தேய்த்துக் கொடுத்தால் வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்வதாகவும் கூறினாராம்.

பூதக் கண்ணாடி கொண்டு நோக்கினோம். நங்கூரம், சிங்கம், விக்டோரியா அரசியின் தலை ஆகிய மூன்றும் தெளிவாய் இருந்தன. மூடியின் உட்புறத்தில் முதியவருடைய பாட்டனாரின் தந்தையார் பெயர் ஆங்கில எழுத்துக்களில் பொறித்திருந்தது. அதன் கீழே 1868 என்ற ஆண்டும், கொடுத்தவருடைய பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் இருந்தன. ‘தாத்தா பெயரென்று தெரியும், இத்தனை பழையது என்று தெரியாது’ என்றார் அவர். உடன் வந்திருந்த அவருடைய மனைவியார் அதுவரையில் வாய் திறவாதிருந்தவர், ‘நாக்பூரில் இருந்த காலத்தில் வெள்ளிக் கூஜாவை இரண்டு தடவை அடகு வைத்தோம். டப்பியை மட்டும் என் மாமியார் தொடவிடவில்லை’ என்றார்.

அக்கூஜா இப்போது எங்கே என்று வினவினோம். சென்ற தீபாவளிக்கு முன் அதே கடையில் எடைக்குப் போடப்பட்டுவிட்டதாம். அதன் அடியில் எழுத்தோ முத்திரையோ ஏதேனும் இருந்ததா என்று கேட்டோம். ‘ஏதோ இருந்தது. யார் பார்த்தார்கள்?’ என்றார் அம்மையார். சிமிழ் தப்பிற்று, கொலுசு ரொக்கத்துக்கு வாங்கப்பட்டது. கூஜாவில் இருந்தது யார் பெயர் என்பதை இனி ஒருவராலும் சொல்ல இயலாது.

இது ஒரு குடும்பத்தின் செய்தி மட்டுமன்று. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழம்பண்டங்கள் உருக்குக் குகைக்குள் போவது உலக வழக்கம். 1689-இல் போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி மன்னர் வெர்சேல்ஸ் அரண்மனையிலிருந்த வெள்ளித் தளவாடங்கள் அனைத்தையும் உருக்கச் செய்தார். அவற்றின் அழகை இன்று ஓவியங்களிலும் குறிப்புக்களிலுமே காண முடிகிறது. 1980 ஜனவரியில், ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததன் விளைவாக, அதன் விலை அவுன்ஸுக்கு ஏறத்தாழ 50 டாலர் வரையில் ஏறியது. அப்போதும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ குடும்பப் பண்டங்கள் எடைக்கு விற்கப்பட்டு உருகின. சில திங்களுள் விலை இறங்கிவிட்டது, உருகியவை மீளவில்லை.

எடை விலைக்கும் பொருள் விலைக்கும் உள்ள வேறுபாட்டை அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். உருக்குபவர் பார்ப்பது கிராமை மட்டுமே. சேகரிப்பவர் பார்ப்பது செய்தவர், ஊர், ஆண்டு, வேலைப்பாடு, கீலின் உறுதி, பொறிப்பு ஆகியவற்றை. நல்ல பட்டறையின் சிமிழுக்கு எடை விலையைப் போலப் பன்மடங்கு கிடைப்பதுண்டு. பணத்துக்கு மிகவும் முடையுற்று விற்றே தீர வேண்டும் என்ற நிலை எவருக்கும் வரலாம், அதில் இழுக்கில்லை. அப்போதும் உருக்குபவரிடம் போகுமுன், பழம்பொருள் அறிந்த இருவரிடமேனும் காட்டுக. வாங்க விரும்புவோர் டெல்லியின் தரீபா கலான் தெருவிலும், பம்பாய்ச் சோர் பஜாரின் மட்டன் தெருவிலும், கல்கத்தாவின் ஏலக் கடைகளிலும் சுற்றிப் பார்க்கலாம். முதல் ஓராண்டு பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கையில் எடுத்துக் கண்பழக்கம் பெற்ற பின் வாங்குதல் அறிவுடைமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்பிரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை வாய்ந்த பொருள்கள் அதன் எல்லைக்குள் வருவன. அத்தகைய பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாது. வணிகமாக விற்போர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வெளிநாட்டில் வாழும் மகனோ மகளோ வந்திருக்கும்போது, ‘தாத்தா டப்பியை நான் எடுத்துப் போகிறேன்’ என்று பெட்டியில் வைத்துக்கொள்வது இயல்பே. ஆயின் விமான நிலையத்தில் அது பெரும் சங்கடமாய் முடியக்கூடும். இங்கிலாந்தில் செய்ததுதானே என்று எண்ணித் துணிய வேண்டாம். இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் அலுவலகத்தில் காட்டி, அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் கிடைக்குமா என்பதை அறிந்த பின்னரே பயணப் பெட்டியில் வைக்கலாம். சான்றிதழ் கிடையாதெனின் சிமிழ் இந்நாட்டிலேயே இருக்கட்டும். அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ இருந்தாலும் குடும்பத்தில்தானே இருக்கிறது!

பாதுகாக்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். திருநீறு கொண்டு வெள்ளி துலக்குவது நம் வீடுகளின் தொன்று தொட்ட வழக்கம். நாள்தோறும் ஆளும் கிண்ணத்துக்கு அது தகும். நுண்ணிய பொறிப்புள்ள சிமிழுக்குத் தகாது. தேய்க்கத் தேய்க்கக் கோலமும் முத்திரையும் மழுங்கும். புளியும் சாம்பலும் அறவே கூடா. முக்கி எடுத்தால் பளபளக்கும் இரசாயன நீர்களும் பள்ளங்களில் படிந்துள்ள கருமையை அகற்றி, வேலைப்பாட்டின் பொலிவைக் கெடுத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதே பெரும்பாலும் போதும். உட்புறப் பொன் முலாமைத் தேய்க்கவே வேண்டாம்.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கைகளே காரணம். ஆதலின் ரப்பர் வளையம் இடுதல், செய்தித்தாளில் சுற்றுதல் ஆகியவற்றைத் தவிர்க்க. பழைய வேட்டித் துண்டில் சுற்றி, ஈரம் புகாத பெட்டியில் வைக்கலாம்; பம்பாய், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இது இன்றியமையாதது. கீல் இறுகியிருப்பின் கத்தி முனையால் நெம்பற்க. உடைந்த இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்க எவரேனும் முன்வந்தால் ஒப்பாதீர். பின்னர் நெருப்பில் வைத்துச் செம்மையாய்ப் பழுது பார்க்கும்போது அந்த ஈயம் வெள்ளியை அரித்துவிடும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. சிமிழ் யாருடையது, யார் கொடுத்தது, எந்த ஊரில் இருந்தது, யார் வழியாக நம் கைக்கு வந்தது என்பனவற்றை ஒரு சிறு தாளில் எழுதிச் சிமிழோடு வைக்க வேண்டும். முத்திரை கூறுவது ஊரையும் ஆண்டையுமே; அதனை வைத்திருந்தவர் கதையை வீட்டுப் பெரியவர்களே கூற இயலும். நம்முள் பலர் வீட்டில் அக்கதையை அறிந்தவர் இன்று ஒருவரே இருப்பார். அவருக்கும் எண்பது வயதைக் கடந்திருக்கும். நம் மக்கள் வேற்று மொழி பேசும் ஊர்களிலே பிறந்து வளர்கின்றனர். தாத்தாவின் ஊரை அவர்கள் கண்டதுமில்லை. இத்தாள் அவர்கட்குப் பயன்படும்.

வரும் பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் ஒரு மேசை ஒதுக்குமாறு செயலாளரிடம் கேட்டுள்ளோம். சிமிழோ, கூஜாவோ, வெற்றிலைப் பெட்டியோ, சந்தனப் பேலாவோ, வீட்டில் உள்ள பழம்பண்டம் ஒன்றை அன்பர்கள் அத்தாளுடன் கொணர்ந்து வைக்கலாம். பண்டத்தை மாலையில் அவரவரே திரும்ப எடுத்துச் செல்லலாம். தாளின் படியை மட்டும் சங்க நூலகத்துக்குக் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம். பூதக் கண்ணாடியோடு நாம் காலை பத்து மணி முதல் அங்கே இருப்போம்.